தலைமையகம் நியூயார்க்கில், வரி முகவரி டப்ளினில்: மருந்து நிறுவனக் கையகப்படுத்தல்களும் வரியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருந்து நிறுவனம் வரிக்காகவே இன்னொரு நிறுவனத்தை வாங்குமா?

வாங்கும். 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்கள் பல இதைச் செய்தன. அமெரிக்க நிறுவனம் ஒன்று தன்னைவிடச் சிறிய வெளிநாட்டு நிறுவனத்தோடு இணையும். பணமும் ஆட்களும் அதிகாரமும் அமெரிக்கத் தரப்பிடமே இருக்கும். ஆனால் ஆவணங்களின்படி வாங்குபவர் வெளிநாட்டு நிறுவனம், வாங்கப்படுவது அமெரிக்க நிறுவனம். இணைப்பு முடிந்ததும் உச்சியில் அயர்லாந்திலோ நெதர்லாந்திலோ பதிவான ஒரு தாய் நிறுவனம் அமர்ந்துவிடும். தலைமை அதிகாரியின் அறைகூட இடம் மாறாது. இதை ‘இன்வர்ஷன்’ என்பார்கள். இந்தப் பக்கத்தில் இதை முகவரி மாற்ற இணைப்பு என்று குறிப்பிடுகிறோம்.

இது செல்லுபடியாவதற்குக் காரணம், அமெரிக்கச் சட்டம் ஒரு நிறுவனத்தின் குடியுரிமையை அது பதிவு செய்யப்பட்ட இடத்தை வைத்து முடிவு செய்வதுதான். நிறுவனத்தை நடத்துபவர்கள் எங்கே உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள் என்பதை அந்தச் சட்டம் கேட்பதில்லை.

இதனால் வரி எப்படிக் குறைந்தது?

2017ஆம் ஆண்டு முடியும்வரை அமெரிக்காவின் கூட்டாட்சி நிறுவன வரி 35 சதவீதம். அதோடு, அமெரிக்க நிறுவனம் உலகில் எங்கு ஈட்டினாலும் அந்த லாபம் அமெரிக்க வரிக்கு உட்பட்டது. வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் லாபத்தைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும்வரை வரியைத் தள்ளிப்போடலாம் என்ற ஒரு சலுகை மட்டும் இருந்தது. விளைவாக, பணத்தை வெளியிலேயே வைத்துக்கொண்டு நிறுவனங்கள் காத்திருந்தன. தாய் நிறுவனமே வெளிநாட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பணத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவராமலே பயன்படுத்த வழி பிறக்கும்.

இரண்டாவது வழி கடன். அமெரிக்கத் துணை நிறுவனம் தன் வெளிநாட்டுக் குழும நிறுவனத்திடம் கடன் வாங்கி வட்டி கட்டும். கட்டிய ஒவ்வொரு 100 டாலர் வட்டியும் அமெரிக்காவில் செலவாகக் கழிந்து 35 டாலர் வரியை மிச்சப்படுத்தும். அதே 100 டாலர் குறைந்த வரி விதிக்கும் ஒரு நாட்டில் வருமானமாக வந்து சேர்ந்து மிகச் சிறிய வரியோடு தப்பிவிடும். இங்கே பணம் குழுமத்தை விட்டு வெளியே போவதே இல்லை. வரி ஆலோசகர்கள் உண்மையில் விற்றது இந்த இரண்டாவது வழியைத்தான் என்பது எங்கள் கருத்து. அமெரிக்காவின் 35 சதவீதத்துக்கும் அயர்லாந்தின் 12.5 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் செய்தித்தாள்கள் எழுதின, வட்டிக் கணக்கைப் பற்றிப் பெரும்பாலும் எழுதவில்லை.

ஏன் குறிப்பாக மருந்து நிறுவனங்கள்?

மருந்தின் மதிப்பு மாத்திரையில் இல்லை, காப்புரிமையில் இருக்கிறது. இரும்பு ஆலையையோ பல்பொருள் அங்காடியையோ இன்னொரு நாட்டுக்கு நகர்த்த முடியாது. காப்புரிமையை ஒரு துணை நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒப்பந்தத்தின் மூலமே மாற்றிவிடலாம். அதன்பின் உலகெங்கும் விற்கும் கிளைகள் அந்தத் துணை நிறுவனத்துக்கு உரிமத்தொகை செலுத்தும், லாபமும் அங்கே போய்ச் சேரும். மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய நிறுவனங்களின் முக்கியக் காப்புரிமைகள் 2011ஐ ஒட்டி வரிசையாகக் காலாவதியாகத் தொடங்கின. ஃபைசரின் கொழுப்புக் குறைப்பு மருந்தான லிப்பிடார் அவற்றில் மிகப் பெரியது. விற்பனை சரியும்போது, பங்குக்கான லாபத்தை உயர்த்திக் காட்ட வரியைக் குறைப்பது புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதைவிட விரைவான வழி.

அயர்லாந்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்? அங்கே வெறும் பெயர்ப்பலகைதானா?

2003 முதல் அயர்லாந்தின் நிறுவன வரி, வணிக வருமானத்துக்கு 12.5 சதவீதம் (பெரிய பன்னாட்டுக் குழுமங்களுக்கு 2024 முதல் குறைந்தபட்சம் 15 சதவீதம்). ஆங்கிலம் பேசும், ஐரோப்பிய ஒன்றிய உறுப்பினரான, அமெரிக்காவோடு வரி ஒப்பந்தம் உள்ள நாடு. ஆனால் பெயர்ப்பலகை மட்டுமே என்று சொல்வது நியாயமாகாது. ஃபைசர் 1969 முதல் கார்க் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே ரிங்காஸ்கிடி ஆலையில் வயாக்ராவின் மூலப்பொருள் தயாரானது. மேயோ மாவட்டத்தின் வெஸ்ட்போர்ட் என்ற சிற்றூரில்தான் போடாக்ஸ் தயாராகிறது, அந்த ஆலை 1970களில் தொடங்கப்பட்டது. ஆக, உண்மையான ஆலைகளும் வெறும் முகவரிகளும் ஒரே நாட்டில் அருகருகே இருந்தன.

முகவரிகளின் பங்கு எவ்வளவு என்பது 2016 ஜூலையில் அம்பலமானது. 2015ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 26 சதவீதம் வளர்ந்தது என்று அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அறிவித்தது. ஒரு நாட்டின் பொருளாதாரம் ஒரே ஆண்டில் கால் பங்கு வளர்வதில்லை. காப்புரிமை போன்ற சொத்துகளும் நிறுவன முகவரிகளும் அந்நாட்டுக் கணக்கில் வந்து சேர்ந்ததன் விளைவு அது. பின்னர் அந்த அலுவலகமே இவற்றைக் கழித்துக் காட்டும் தனி அளவீடு ஒன்றை உருவாக்க வேண்டியதாயிற்று.

60 சதவீதம், 80 சதவீதம் என்று அடிக்கடி பேசப்படும் வரம்புகள் என்ன?

1990களிலும் 2000த்தின் தொடக்கத்திலும் சில அமெரிக்க நிறுவனங்கள் எந்த இணைப்பும் இல்லாமலே பெர்முடாவில் ஒரு காகித நிறுவனத்தைத் தொடங்கி அதைத் தம் தாய் நிறுவனமாக்கிக் கொண்டன. இதைத் தடுக்க அமெரிக்கக் காங்கிரஸ் 2004இல் உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தில் 7874 என்ற பிரிவைச் சேர்த்தது.

இணைப்புக்குப் பின் புதிய வெளிநாட்டு நிறுவனத்தில் பழைய அமெரிக்க நிறுவனத்தின் பங்குதாரர்கள் 80 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால், அது வரிக்கு அமெரிக்க நிறுவனமாகவே கருதப்படும். 60க்கும் 80க்கும் இடையில் இருந்தால் வெளிநாட்டு நிறுவனம் என்று ஏற்கப்படும், ஆனால் சில கட்டுப்பாடுகள் உண்டு. 60க்குக் கீழே போனால் இந்தப் பிரிவு தொடவே தொடாது. புதிய முகவரி நாட்டில் குழுமத்தின் கணிசமான வணிகம் நடந்தால் விலக்கு உண்டு. ஆட்கள், சொத்து, வருமானம் ஆகிய ஒவ்வொன்றிலும் 25 சதவீதம் அங்கே இருக்க வேண்டும் என்று 2012இல் விதி இறுகியதால் அந்த வாசல் ஏறக்குறைய மூடிவிட்டது.

காங்கிரஸ் எதிர்பார்த்திருக்க முடியாத பின்விளைவு ஒன்று இதிலிருந்து முளைத்தது. காகித நிறுவனம் போதாது, உண்மையான வெளிநாட்டு நிறுவனம் தேவை, அதுவும் போதிய அளவு பெரியதாக வேண்டும் என்றாகிவிட்டது. தடுக்க எழுதிய சட்டமே கையகப்படுத்தல்களின் அளவைப் பெருக்கியது.

2014இல் ஃபைசர் ஆஸ்ட்ராசெனெகாவை வாங்க முயன்றது ஏன் தோற்றது?

விலையாலும் பழைய நினைவாலும். ஃபைசர் பிரித்தானியாவுக்கு வரி முகவரியை மாற்றும் எண்ணத்தோடு அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு பங்குக்கு 55 பவுண்டு, மொத்தம் சுமார் 69 பில்லியன் பவுண்டு தரத் தயாராக வந்தது. ஆஸ்ட்ராசெனெகாவின் இயக்குநர் குழு போதாது என்று மறுத்தது. பிரித்தானிய நாடாளுமன்றக் குழுக்கள் ஃபைசரின் தலைமை அதிகாரி இயன் ரீடை அழைத்து விசாரித்தன. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி நிலையத்தை முடிப்போம், ஆராய்ச்சிப் பணியாளர்களில் 20 சதவீதத்தை பிரித்தானியாவில் வைத்திருப்போம் என்று ஃபைசர் 5 ஆண்டு உறுதிமொழி தந்தது. ஆனால் கென்ட் மாவட்டத்தின் சாண்ட்விச் ஆராய்ச்சி நிலையத்தை, வயாக்ரா கண்டுபிடிக்கப்பட்ட அதே இடத்தை, மூடப்போவதாக ஃபைசர் 2011இல்தான் அறிவித்திருந்தது. உறுப்பினர்கள் அதை மறக்கவில்லை.

இதன் தடம் பிரித்தானிய விதிகளில் நின்றது. வாங்க வருபவர் தரும் உறுதிமொழிகளைக் கட்டாயம் நிறைவேற்றவைக்கும் பிரிவு 2015 ஜனவரியில் அங்குள்ள கையகப்படுத்தல் விதித்தொகுப்பில் சேர்ந்தது. ஆஸ்ட்ராசெனெகாவின் பங்கு விலை சில ஆண்டுகளில் 55 பவுண்டைத் தாண்டி வெகுதூரம் சென்றது.

அதே ஆண்டில் ஆப்வி–ஷயர் இணைப்பு என்ன ஆயிற்று?

2014 ஜூலையில் சிகாகோ புறநகரைச் சேர்ந்த ஆப்வி, ஷயர் நிறுவனத்தைச் சுமார் 32 பில்லியன் பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. ஷயர் ஜெர்சித் தீவில் பதிவாகி, அயர்லாந்தில் வரி முகவரி வைத்திருந்த நிறுவனம். செப்டம்பர் 22 அன்று அமெரிக்கக் கருவூலத் துறை, வெளிநாட்டில் தேங்கிய பணத்தைக் கடன் என்ற பெயரில் புதிய தாய் நிறுவனத்துக்கு அனுப்பும் உத்தியை முடக்கியது. ஆப்வி அக்டோபரில் பின்வாங்கி, ஒப்பந்தத்தை முறித்ததற்காகச் சுமார் 1.64 பில்லியன் டாலரை ஷயருக்குக் கொடுத்தது. ஒரு மருந்தும் கைமாறாமல் கொடுக்கப்பட்ட தொகை என்பதைக் கவனிக்க வேண்டும். ஷயரைப் பின்னர் 2019இல் ஜப்பானின் டகேடா வாங்கியது.

ஃபைசர்–அலர்கன் இணைப்பு இவ்வளவு பேசப்படுவது ஏன்?

அளவும் அமைப்பும்தான் காரணம். 2015 நவம்பர் 23 அன்று அறிவிக்கப்பட்டபோது அதன் மதிப்பு சுமார் 160 பில்லியன் டாலர், மருந்துத் துறை கண்டவற்றிலேயே பெரியது. சட்டப்படி வாங்குபவர் அயர்லாந்தில் பதிவான அலர்கன். இணைந்த நிறுவனத்தின் பெயர் மட்டும் ஃபைசர் என்று மாறும், நிர்வாகம் நியூயார்க்கிலேயே இருக்கும். ஃபைசரின் பங்குதாரர்களுக்கு 56 சதவீதம், அலர்கனின் பங்குதாரர்களுக்கு 44 சதவீதம். ஆப்வி தடுக்கி விழுந்தது 60க்கும் 80க்கும் இடையிலான பகுதியில். ஃபைசர் 60க்குக் கீழே இறங்கி நின்றதால் கருவூலத் துறையின் அதுவரையிலான அறிவிப்புகள் அதைத் தொடவில்லை. சுமார் 25 சதவீதமாக இருந்த நடைமுறை வரி விகிதம் 17 அல்லது 18 சதவீதத்துக்கு இறங்கும் என்று ஃபைசரே முதலீட்டாளர்களிடம் கூறியது.

அலர்கன் எப்படி ஐரிஷ் நிறுவனம் ஆயிற்று?

இந்தக் கதையில் எங்களுக்கு மிகவும் சுவையாகப் படும் பகுதி இதுவே. 1984இல் அமெரிக்காவில் வாட்சன் என்ற ஜெனரிக் மருந்து நிறுவனம் தொடங்கப்பட்டது. 2012இல் அது, ஐஸ்லாந்தில் வேர்கொண்டு சுவிட்சர்லாந்திலிருந்து இயங்கிய ஆக்டாவிஸை வாங்கி, அடுத்த ஆண்டில் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. 2013 அக்டோபரில் வார்னர் சில்காட் என்ற ஐரிஷ் நிறுவனத்தை வாங்கி அயர்லாந்துக்கு முகவரி மாறியது. 2014 ஜூலையில் ஃபாரஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தைச் சுமார் 25 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2015 மார்ச்சில், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பழைய அலர்கனை, அதாவது போடாக்ஸின் உரிமையாளரை, சுமார் 70 பில்லியன் டாலருக்கு விழுங்கி, சில மாதங்களில் அதன் பெயரையும் எடுத்துக்கொண்டது.

மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு முறை பெயரும் ஒரு முறை நாடும் மாறியாயிற்று. கடைசி மூன்று வாங்குதல்களிலும் விலையின் கணிசமான பகுதியைத் தன் பங்குகளாகவே கொடுத்ததால் நிறுவனம் பருத்துக்கொண்டே வந்தது. பருத்ததாலேயே, ஃபைசர் போன்ற பெரிய நிறுவனம் வந்து சேர்ந்தாலும் அதன் பங்கு 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் அளவுக்கு அது பொருத்தமான துணையாயிற்று.

கருவூலத் துறை அதை எப்படி நிறுத்தியது?

2016 ஏப்ரல் 4 அன்று வந்த தற்காலிக விதி இதைக் குறிபார்த்ததுபோல் இருந்தது. முந்தைய 36 மாதங்களில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் அமெரிக்க நிறுவனங்களை வாங்கியதற்காக வெளியிட்ட பங்குகளை, சதவீதக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதே விதி. வார்னர் சில்காட், ஃபாரஸ்ட், பழைய அலர்கன் ஆகிய மூன்று பரிவர்த்தனைகளுமே அந்த 36 மாதங்களுக்குள் விழுந்தன.

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். 56க்கு 44 என்ற நிலையில், அந்த 44இல் பாதியைக் கணக்கிலிருந்து நீக்கினால் 78இல் 56, அதாவது ஏறத்தாழ 72 சதவீதம். கட்டுப்பாடுகள் எல்லாம் பாயும். முக்கால் பங்கை நீக்கினால் 67இல் 56, ஏறத்தாழ 84 சதவீதம். அப்போது புதிய நிறுவனம் வரிக்கு அமெரிக்க நிறுவனமே. பாதி, முக்கால் என்பவை இங்கே விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் 60க்குக் கீழே நிற்பது சாத்தியமில்லை என்பது புரியும். அதே நாளில், குழுமத்துக்குள் வாங்கப்படும் கடனைச் சில சூழ்நிலைகளில் பங்கு முதலீடாகக் கருதும் வரைவு விதியும் வந்தது. வட்டிக் கணக்கின் வேரிலும் கை வைத்தாயிற்று.

மறுநாள் அலர்கன் பங்கு சுமார் 15 சதவீதம் சரிந்தது. ஏப்ரல் 6 அன்று ஃபைசர் இணைப்பைக் கைவிட்டு, செலவுகளுக்காக 150 மில்லியன் டாலரை அலர்கனுக்குக் கொடுத்தது.

ஒரு குறிப்பிட்ட இணைப்பைக் குறிவைத்து விதி எழுதுவது முறையா?

அலர்கனின் தலைமை அதிகாரி பிரென்ட் சாண்டர்ஸ் இதை ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றிய செயல் என்ற பொருளில் கண்டித்தார். அமெரிக்க வர்த்தக சபை டெக்சாஸில் வழக்கும் தொடுத்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் வெளியிட்டது செல்லாது என்று 2017 செப்டம்பரில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவூலத் துறை உரிய நடைமுறையைப் பின்பற்றி 2018 ஜூலையில் அதே விதியை இறுதி செய்தது. நடைமுறையில் அரசு தவறியது உண்மை, விதியின் உள்ளடக்கம் தவறென்று நீதிமன்றம் சொல்லவில்லை. தீர்ப்பு வந்தபோது இணைப்பு கைவிடப்பட்டு ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. எங்களுக்குப் படும் குறை வேறு. 2014, 2015, 2016 என்று மூன்று முறையும் கருவூலத் துறை அந்த நேரத்தில் கண்ணில்பட்ட உத்தியை மட்டுமே அடைத்தது. 35 சதவீத விகிதமும் தள்ளிப்போடும் சலுகையும் அப்படியே இருந்தன. அவற்றை மாற்றும் அதிகாரம் காங்கிரஸிடம்தான் இருந்தது.

முகவரி மாறும்போது சாதாரணப் பங்குதாரருக்கு என்ன நேரும்?

பலருக்கு வரி வரும், இது பரவலாகத் தெரியாத விஷயம். அமெரிக்கப் பங்குதாரர்கள் புதிய நிறுவனத்தில் பெரும்பான்மை வைத்திருந்தால், பழைய பங்கைக் கொடுத்துப் புதிய பங்கைப் பெறுவதையே விற்பனையாகக் கருதி மூலதன ஆதாய வரி விதிக்கப்படும். கையில் ஒரு டாலர் ரொக்கம் வராமலேயே வரி கட்ட வேண்டியிருக்கும்.

மினசோட்டாவின் இதயக் கருவி நிறுவனமான மெட்ரானிக், 2014இல் அறிவித்து 2015 ஜனவரியில் கோவிடியன் என்ற ஐரிஷ் முகவரி கொண்ட மருத்துவக் கருவி நிறுவனத்தோடு இணைந்து அயர்லாந்துக்கு மாறியபோது இதுதான் நடந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் மலிவாக வாங்கி ஓய்வுக்காலத்துக்கு வைத்திருந்த உள்ளூர்ப் பங்குதாரர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள், ஏனெனில் அவர்களுடைய ஆதாயம்தான் காகிதத்தில் மிகப் பெரியது. உயர் அதிகாரிகளின் பங்கு ஊதியத்துக்கும் இத்தகைய இணைப்புகளில் தனியாக ஒரு கலால் வரி உண்டு. அந்த வரியை அதிகாரிகளுக்காக நிறுவனமே ஏற்றுக்கொண்டது. சட்டத்தில் இதற்குத் தடையில்லை.

2017 வரிச் சட்டம் வந்த பிறகு இவை நின்றுவிட்டனவா?

பெரிய முகவரி மாற்றங்கள் நின்றன, லாப நகர்த்தல் நிற்கவில்லை. 2018 முதல் விகிதம் 35இலிருந்து 21 சதவீதமாயிற்று. வெளிநாட்டில் தேங்கியிருந்த லாபத்துக்கு ஒருமுறை வரி விதிக்கப்பட்டது: ரொக்கத்துக்கு 15.5 சதவீதம், மற்றவற்றுக்கு 8 சதவீதம், 8 ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம். வெளிநாட்டுத் துணை நிறுவனங்களின் மிகை லாபத்துக்கு அப்போது 10.5 சதவீதத்திலிருந்து தொடங்கும் குறைந்தபட்ச வரியும் வந்தது.

ஆப்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஷயரைக் கைவிட்ட அதே நிறுவனம், 2020 மே மாதத்தில் அயர்லாந்து முகவரி கொண்ட அலர்கனைச் சுமார் 63 பில்லியன் டாலருக்கு வாங்கி முடித்தது. இம்முறை முகவரி மாற்றம் இல்லை, ஆப்வி டெலவேர் மாநிலத்தில் பதிவான அமெரிக்க நிறுவனமாகவே இருந்தது. ஆனால் 2020இல் அதன் விற்பனையில் சுமார் முக்கால் பங்கு அமெரிக்காவில் நடந்தும், வரிக்குரிய வருமானத்தில் 1 சதவீதம்தான் அமெரிக்காவில் காட்டப்பட்டது என்று செனட் நிதிக் குழுவின் விசாரணை 2022இல் வெளிப்படுத்தியது. மூட்டுவாத மருந்தான ஹுமிராவின் காப்புரிமைகள் பெர்முடாத் துணை நிறுவனத்தில் இருந்தன. காப்புரிமை இடம் மாறியிருந்தால் போதும், தாய் நிறுவனத்தின் முகவரி மாற வேண்டிய அவசியமே இல்லை.

வரி அதிகாரிகளைத் தவிர வேறு யார் இந்த இணைப்புகளைப் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் மருந்துத் துறை இணைப்புகளைக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஆராய்கிறது. ஒரே நோய்க்கு இரு தரப்பும் மருந்து வைத்திருக்கிறதா என்று பார்த்து, அப்படி இருந்தால் ஒன்றை விற்கச் சொல்லும். ஆப்வி–அலர்கன் இணைப்பில் குடல் அழற்சிக்கான ஒரு சோதனை மருந்து ஆஸ்ட்ராசெனெகாவுக்கும், கணைய நொதி மருந்துகள் இரண்டு நெஸ்லேவுக்கும் சென்றன.

ஆனால் போட்டியாக வரக்கூடிய மருந்தை முளையிலேயே வாங்கிப் பூட்டிவைத்தால் இந்தச் சோதனை அதைப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. குவெஸ்ட்கோர் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் 2001இல் ஆக்தார் என்ற ஊசிமருந்தின் உரிமையை வாங்கியது. பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்புக்கு அது தரப்படுகிறது. அப்போது ஒரு குப்பி 40 டாலர். காலப்போக்கில் விலை 34,000 டாலரைத் தாண்டியது. அதற்குப் போட்டியாக வரக்கூடிய செயற்கை மருந்தான சினாக்தெனின் அமெரிக்க உரிமையை நோவார்ட்டிஸிடமிருந்து 2013இல் குவெஸ்ட்கோரே வாங்கிக்கொண்டது, சந்தைக்குக் கொண்டுவரவில்லை. மறு ஆண்டு குவெஸ்ட்கோரை மாலின்க்ராட் வாங்கியது. கோவிடியனிலிருந்து பிரிந்து அயர்லாந்து முகவரியோடு இயங்கிய நிறுவனம் அது. 2017 ஜனவரியில் 100 மில்லியன் டாலர் செலுத்தி, சினாக்தெனை வேறொரு நிறுவனத்துக்கு உரிமம் தந்து, இதற்காக வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கை முடித்தார்கள். 34,000 டாலர் விலையுள்ள மருந்துக்கு 100 மில்லியன் என்பது எத்தனை குப்பிகளின் விலை என்று வாசகரே வகுத்துப் பார்க்கலாம்.

2023இல் ஆணையம் வேறு கோணத்தில் அணுகியது. ஆம்ஜென் 27.8 பில்லியன் டாலருக்கு ஹொரைசனை வாங்க முயன்றபோது, இரு நிறுவனங்களுக்கும் ஒரே நோய்க்கான மருந்துகள் இல்லாதபோதும் வழக்குத் தொடுத்தது. ஆம்ஜென் தன் பிரபல மருந்துகளுக்குத் தள்ளுபடி தந்து, ஹொரைசனின் அரிய நோய் மருந்துகளைக் காப்பீட்டுப் பட்டியலில் திணிக்கும் என்பது வாதம். அப்படிச் செய்ய மாட்டோம் என்ற கட்டுப்பாட்டோடு செப்டம்பரில் சமரசம் ஆயிற்று.

வரி மிச்சமானால் மருந்து விலை குறையுமா?

குறைந்ததற்கான சான்று எங்கள் கண்ணில் படவில்லை. எதிர்ச் சான்று உண்டு. வேலியன்ட் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் 2010இல் கனடாவின் பயோவெயிலோடு இணைந்து முகவரியை மாற்றியது. குறைந்த வரி, பிற நிறுவனங்களை வாங்கும் போட்டியில் கூடுதல் விலை தரும் பலத்தை அதற்குத் தந்தது. வாங்கியதும் ஆராய்ச்சியைக் குறைத்து விலையை ஏற்றுவது அதன் வழக்கம். 2015 பிப்ரவரியில் இரண்டு இதய மருந்துகளை வாங்கிய அன்றே ஐசுப்ரெலின் விலையை 525 சதவீதமும், நைட்ரோப்ரெஸ்ஸின் விலையை 212 சதவீதமும் உயர்த்தியது. இரண்டும் பழைய, மருத்துவமனை அவசரச் சிகிச்சை மருந்துகள். ஓராண்டுக்குப் பின் செனட் விசாரணை வந்தது. பங்கு விலை உச்சத்திலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. 2018இல் நிறுவனம் பாஷ் ஹெல்த் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

முகவரி மாறிய எல்லோருக்கும் லாபமா?

இல்லை. பெரிகோ என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் 2013இல் எலான் என்ற ஐரிஷ் நிறுவனத்தை வாங்கி அயர்லாந்துக்குப் போனது. எலான் அதற்கு முன்பே டிசாப்ரி என்ற மருந்தின் உரிமையை விற்றிருந்தது. அந்த வருமானம் 12.5 சதவீத வணிக வருமானம் அல்ல, 33 சதவீத மூலதன ஆதாயம் என்று கூறி ஐரிஷ் வருவாய்த் துறை 2018இல் 1.64 பில்லியன் யூரோ கேட்டது. 2021இல் 297 மில்லியன் யூரோவுக்குச் சமரசம் ஆயிற்று. மைலான் என்ற இன்னொரு அமெரிக்க மருந்து நிறுவனம் 2015இல் நெதர்லாந்துக்கு மாறி, 2020இல் ஃபைசரின் அப்ஜான் பிரிவோடு இணைந்து வியாட்ரிஸ் ஆனபோது டெலவேருக்கே திரும்பிவிட்டது.

இந்திய நிறுவனம் ஒன்று இதே வழியில் அயர்லாந்துக்குப் போக முடியுமா?

காகிதத்தில் போகலாம், வரியிலிருந்து தப்புவது கடினம். 2015 நிதிச் சட்டத்தின் மூலம் இந்தியா, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் முக்கிய முடிவுகள் உண்மையில் எங்கே எடுக்கப்படுகின்றனவோ அங்கேதான் அதன் வரி வதிவிடம் என்ற கொள்கையை ஏற்றது. 2017–18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. டப்ளினில் பதிவு செய்துவிட்டுச் சென்னையிலோ ஹைதராபாத்திலோ இருந்துகொண்டு நடத்தினால், உலக வருமானம் முழுவதுக்கும் இந்திய வரி வரக்கூடும். ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டாத நிறுவனங்களுக்கு இது பொருந்தாது. அமெரிக்கா இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், இந்தப் பக்கத்தில் சொன்னவற்றில் பெரும்பாலானவை நடந்தே இருக்காது.

இந்திய மருந்து நிறுவனத்தை வெளிநாட்டவர் வாங்குவதற்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. ஏற்கெனவே இயங்கும் நிறுவனத்தில் 74 சதவீதம்வரை நேரடியாக முதலிடலாம், அதற்கு மேல் அரசின் அனுமதி வேண்டும். 2016இல் வந்த தளர்வு இது.

ஃபைசரின் இந்தக் கையகப்படுத்தல்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் வரி வழியாக அல்ல. சென்னையில் தொடங்கிய ஆர்கிட் நிறுவனம் தன் ஊசிமருந்து வணிகத்தை, இருங்காட்டுக்கோட்டை ஆலையோடு சேர்த்து, 2010இல் அமெரிக்காவின் ஹாஸ்பிராவுக்கு 400 மில்லியன் டாலருக்கு விற்றது. பின்னர் ஔரங்காபாத் மூலப்பொருள் ஆலையும் ஹாஸ்பிராவுக்கே போயிற்று. 2013இல் இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. 2015 செப்டம்பரில், அலர்கன் அறிவிப்புக்கு இரண்டு மாதங்கள் முன்பு, ஃபைசர் ஹாஸ்பிராவையே வாங்கியது. 2019 ஜனவரியில், தேவை குறைந்துவிட்டதைக் காரணம் காட்டி, இரண்டு ஆலைகளிலும் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1,700 பேர். ஒன்பது ஆண்டுகளில் ஆலைக்கு மூன்று உரிமையாளர்கள்.

மீதமிருந்த ஆர்கிட் கடனில் மூழ்கி 2017இல் திவால் நடைமுறைக்குள் சென்று, 2020இல் தனுகா லேபரட்டரீஸின் கைக்கு வந்தது.

காப்புரிமையை உள்நாட்டிலேயே வைத்திருக்க இந்தியா வரிச் சலுகை தருகிறதா?

தருகிறது. இந்தியாவில் உருவாக்கி இந்தியாவில் பதிவு செய்த காப்புரிமையிலிருந்து வரும் உரிமத்தொகைக்கு 10 சதவீத வரி என்ற ஏற்பாட்டை 2016 நிதிச் சட்டம் கொண்டுவந்தது. ஆராய்ச்சிச் செலவில் 75 சதவீதமாவது இந்தியாவில் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இதனால் பயன்பெற, வெளிச்சந்தையில் விலைபோகும் மூலக்கூறு கையில் இருக்க வேண்டும், அத்தகையவை மிகச் சில. அவற்றில் ஒன்று என்மெட்டாசோபேக்டம். ஆர்கிட்டின் சென்னை ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த மூலக்கூறு, 2013இல் அலெக்ரா என்ற ஐரோப்பிய நிறுவனத்துக்கு உரிமமாகக் கொடுக்கப்பட்டது. சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கு செஃபிபைம் என்ற மருந்தோடு சேர்த்துத் தர 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.